கையால் செய்யும் ரோட்டரி டாட்டூ மெஷின்: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை கணபதியில் எங்கள் லேத் பட்டறை இருக்கிறது. பம்ப்செட் உதிரி வேலைகளுக்கு நடுவே டாட்டூ கலைஞர்களுக்கு ரோட்டரி மெஷினும் செய்து கொடுக்கிறேன். செய்த மெஷினை வாங்க வருகிறவர்களைவிட, தாங்களே செய்யத் தொடங்கிப் பாதியில் நின்ற பிரேமைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். கேட்பதும் பெரும்பாலும் அதே சந்தேகங்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். அளவுகள் எல்லாம் நான் செய்யும் ஸ்லைடு வகை மெஷினுக்கு உரியவை.

1. ரோட்டரின்னா என்ன, காயில்னா என்ன? எது நல்லதுங்க?

காயில் மெஷினில் இரண்டு மின்காந்தச் சுருள்கள் ஒரு இரும்புப் பட்டையை இழுக்கும். இழுத்ததும் மின்தொடர்பு அறுந்து பட்டை திரும்பிவிடும். பழைய காலிங் பெல் வேலை செய்கிற அதே முறை. ரோட்டரியில் ஒரு டிசி மோட்டார் சுற்றும். அந்தச் சுற்றை கேம் என்ற ஒரு சின்ன வட்டு மேலும் கீழுமாக மாற்றிக் கொடுக்கும்.

ரோட்டரி நேற்று வந்த பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். எடிசன் ஸ்டென்சில் நகல் எடுப்பதற்காக 1876-இல் காப்புரிமை வாங்கிய மின்சாரப் பேனாவில், பேனா முனைக்கு மேலே ஒரு குட்டி மோட்டார் சுற்றி ஊசியைக் குத்த வைத்தது. அந்த யோசனையிலிருந்து நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி 1891-இல் டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆக, ரோட்டரிக்குத்தான் வயது அதிகம்.

எது நல்லது என்றால், இரண்டிலும் அருமையாக வேலை செய்கிற கலைஞர்கள் இருக்கிறார்கள். முதல்முறை செய்கிறவருக்கு நான் ரோட்டரியைத்தான் சொல்வேன். காயிலில் ஸ்பிரிங் பதம், கான்டாக்ட் இடைவெளி, சுருள் சுற்று எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னியிருக்கும். ரோட்டரியில் தப்பு எங்கே என்று வெர்னியர், டயல் ஆகிய அளவுக் கருவிகளை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

2. உள்ளே என்னென்ன இருக்கு? ஒரு தடவை வரிசையா சொல்லுங்க.

மோட்டார் ஷாஃப்டில் ஒரு பித்தளைக் கேம். கேமின் முகத்தில் மையத்தைவிட்டு விலகி ஒரு பின். பின்னில் ஒரு குட்டி பேரிங். அந்த பேரிங், டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த ஸ்லைடின் குறுக்கு ஸ்லாட்டுக்குள் உருளும். மோட்டார் சுற்றும்போது ஸ்லைடு பிரேமின் தடத்தில் மேலும் கீழும் போய்வரும். ஸ்லைடில் இருக்கும் குமிழில் ஊசிக்கம்பியின் கண்ணை, நடுவில் ஒரு ரப்பர் வைத்து மாட்டுவோம். பிரேமின் கீழ்ப்பகுதியில் 8 மி.மீ ஓட்டை. கையால் பிடிக்கும் கிரிப்பின் டியூப் அதில் நுழைந்து திருகால் இறுகும். பின்பக்கம் வயர் செருக ஆர்சிஏ சாக்கெட், அதற்கு பவர் சப்ளை, காலடியில் ஃபுட் சுவிட்ச். அவ்வளவுதான். இத்தனை குறைந்த உதிரிகள் இருப்பதால், எந்த ஒன்று சரியில்லாவிட்டாலும் அது உடனே கைக்குத் தெரியும்.

3. 3.5 ஸ்ட்ரோக்னா ஊசி மூணரை மில்லி உள்ளே இறங்குமா? பயமா இருக்கே.

இறங்காது. ஸ்ட்ரோக் என்பது ஊசி போய்வருகிற மொத்தத் தூரம். அதில் ஒரு பகுதி டியூபுக்குள்ளேயே முடிந்துவிடும். ஊசி முழுக்க வெளியே வரும்போது டியூபின் முனையான டிப்பைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டு இருக்கிறதோ, அதற்கு மேல் அது இறங்க முடியாது. அந்த நீட்டத்தை டியூபை ஏற்றி இறக்கி நீங்கள்தான் வைக்கிறீர்கள். வழக்கமாக 1.5 முதல் 2 மி.மீ வரை. மை தங்க வேண்டிய இடம் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் உள்தோல். அதற்கு 1 முதல் 2 மி.மீ ஆழமே அதிகம். கையின் உள்பக்கம் போன்ற மெல்லிய தோலில் இன்னும் குறைவு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பின் மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அதன் இரண்டு மடங்கு ஸ்ட்ரோக். 3.5 வேண்டுமென்றால் விலக்கம் 1.75 மி.மீ.

4. எந்த மோட்டார் வாங்கணும்? பழைய டிவிடி பிளேயர் மோட்டார் போதாதா?

ஓடும், ஆனால் போதாது. அந்த மோட்டார் தட்டைச் சும்மா சுற்றுவதற்காகச் செய்தது. தோலில் ஊசி பட்டதும் வேகம் சரிந்துவிடும். வேகம் சரியும்போது கலைஞர் அறியாமலே கையை அழுத்துவார். காயம் ஆழமாகும். நான் வேண்டாம் என்று சொல்வது அதனால்தான், காசுக் கணக்கால் அல்ல.

12 வோல்ட், சுமையில்லாமல் நிமிடத்துக்கு 8,000 முதல் 10,000 சுற்று, முன்பக்கம் பால் பேரிங் உள்ள மோட்டாரைத் தேடுங்கள். டிசி மோட்டாரில் வேகம் வோல்ட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும். 12 வோல்ட்டில் 9,000 சுற்றும் மோட்டார் 8 வோல்ட்டில் சுமார் 6,000 சுற்றும். அதை 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 100 குத்து. நமக்கு வேண்டியது அந்த இடம்தான். வசதி இருந்தால் கோர்லெஸ் மோட்டார் வாங்குங்கள். ஃபால்ஹேபர், மேக்சன் மாதிரி நிறுவனங்கள் செய்பவை. சுழலும் பகுதியில் இரும்பு இல்லாததால் விரலால் சுற்றினால் கட்டை கட்டையாகத் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். சென்னை ரிச்சி தெருவில் மோட்டார் வாங்குகிறவர்கள் பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள்.

5. கேமுக்கு எக்சென்ட்ரிக் எப்படி எடுக்கறது? எங்ககிட்ட மூணு ஜா சக்தான் இருக்கு.

எக்சென்ட்ரிக் என்பது 3-ஆம் பதிலில் சொன்ன விலக்கம்தான். ஜா என்பது லேத்தில் பாரைப் பிடிக்கும் சக்கின் தாடை. மூன்று ஜாவிலேயே எடுக்கலாம். ஒரு ஜாவுக்கும் பாருக்கும் நடுவே தகடு வையுங்கள். தகட்டின் தடிமன் விலக்கத்தின் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக வரும். 14 மி.மீ பித்தளைப் பாரில் 1.75 விலக்கத்துக்கு 2.5 மி.மீ தகட்டில் தொடங்குங்கள். பிறகு டயலைப் பாரின் மேல் வைத்து சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். முள் மொத்தம் எவ்வளவு நகர்கிறதோ, அதுதான் உங்கள் ஸ்ட்ரோக். சரியாக 3.50 காட்டும்வரை தகட்டை மெலிசாக்கியோ, ஒரு துண்டு ஷிம் (மெல்லிய தகடு) சேர்த்தோ திருத்துங்கள். அதன்பிறகுதான் ட்ரில் எடுக்க வேண்டும்.

பலர் தடுமாறுவது அடுத்த இடத்தில். ஷாஃப்ட் ஓட்டை 2 மி.மீ, பின் ஓட்டை 3 மி.மீ, இரண்டின் மையத்துக்கும் நடுவே 1.75 மட்டும்தான். இரண்டையும் ஊடுருவப் போட்டால் ஒன்றுக்குள் ஒன்று உடைந்துவிடும். அதனால் பின் ஓட்டையை முன்பக்கமிருந்து 3 மி.மீ ஆழம், ஷாஃப்ட் ஓட்டையைப் பின்பக்கமிருந்து 4 மி.மீ ஆழம் என்று முட்டு ஓட்டையாகப் போடுங்கள். கேமின் தடிமன் 8 மி.மீ இருந்தால் நடுவில் ஒரு சுவர் மிச்சமிருக்கும். ஷாஃப்ட் ஓட்டையைப் போடப் பாரைத் திருப்பிப் பிடிக்கும்போது டயல் பூஜ்யத்தில் நிற்க வேண்டும், ட்ரிலோடு விடாமல் ஓட்டையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ரீமரும் போட வேண்டும். பின்னுக்குச் சில்வர் ஸ்டீல் நல்லது. பேரிங் உள்விட்டம் 3, வெளிவிட்டம் 6, அகலம் 2.5.

6. பிரேம் எதுல செய்யலாம்? எந்த ஓட்டையை முதல்ல போடணும்?

6061 அலுமினியம் எனக்குப் பிடித்தது. வெட்டுவதும் எளிது, கையிலும் கனக்காது. பித்தளை அழகாக இருக்கும், ஆனால் மூன்று மணி நேர வேலையில் மணிக்கட்டு வலிக்கும்.

ஸ்லைடு தடத்தின் நடுக்கோடும் டியூப் ஓட்டையின் நடுக்கோடும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கட்டையை மில்லிங்கில் ஒரே ஒரு முறை பிடித்து, கழற்றாமல் இரண்டையும் முடித்துவிடுங்கள். மோட்டார் ஓட்டை அதற்குப் பிறகு. தடம் 0.1 மி.மீ விலகினால்கூட ஊசிக்கம்பி டியூபின் ஒரு பக்கத்தை உரசிக்கொண்டே ஓடும். எவ்வளவு டியூன் செய்தாலும் அந்த உரசல் போகாது.

7. புது மெஷின் கடகடன்னு சத்தம் போடுது. வோல்ட்டைக் குறைச்சா சத்தம் போயிடுது, ஆனா கோடு விழ மாட்டேங்குது.

என்னிடம் வரும் மெஷின்களில் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். பவர் சப்ளையை ஏற்றி இறக்கிப் பார்த்தே ஒரு வாரத்தை ஓட்டிவிட்டு வருகிறார்கள். கோளாறு வோல்ட்டில் இல்லை. ஸ்லாட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கிற ஆட்டத்தில் இருக்கிறது.

ஒரு கணக்கு சொல்கிறேன். 3.5 ஸ்ட்ரோக்கில் நொடிக்கு 100 குத்து ஓடும்போது, ஸ்லைடும் ஊசியும் சேர்ந்து 5 கிராம் இருந்தால், அவற்றைத் திருப்பி அனுப்ப பேரிங் உச்சத்தில் கிட்டத்தட்ட 350 கிராம் எடைக்குச் சமமான விசையைத் தருகிறது. ஒரு சுற்றில் இரண்டு முறை இந்த விசை திசை மாறும். ஸ்லாட் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் பேரிங் ஒரு சுவரை விட்டு எதிர்ச் சுவரில் போய் மோதும். நொடிக்கு 200 சுத்தியல் அடி. வேகத்தைப் பாதியாக்கினால் இந்த விசை கால்வாசியாகக் குறையும். வோல்ட்டைக் குறைத்ததும் சத்தம் போனதற்குக் காரணம் அதுதான். கோளாறு ஒளிந்துகொண்டது, போகவில்லை.

ஸ்லாட்டின் அகலம் பேரிங்கைவிட 0.03 முதல் 0.05 மி.மீ வரை அதிகம் இருந்தால் போதும். இடைவெளி அளக்கும் 0.05 ஃபில்லர் கேஜ் தகடு நுழையக் கூடாது. ஆனால் பேரிங்கை எந்த இடத்தில் நிறுத்தினாலும் வெளிவளையம் விரலுக்குத் தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஆட்டமே வேண்டாம் என்று இறுக்கிப் பிடித்தாலும் தப்பு. பேரிங் இரண்டு சுவரையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஒரு பக்கம் உருளும்போது மறுபக்கம் தேய்க்கும், டெல்ரின் சூடாகிப் பொடி உதிரும். நைலானில் ஸ்லைடு செய்யாதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சி ஊதும். கோடையில் சரியாக இருந்த தடம் ஐப்பசி மழையில் பிடித்துக்கொள்ளும்.

8. சத்தம் போயிடுச்சு, ஆனா கை மரத்துப்போகுது. பேலன்ஸ் எப்படிப் பண்றது?

கேமில் பின்னும் பேரிங்கும் இருக்கிற பக்கம் கனம் அதிகம். கழற்றிய கேமை ஒரு மெல்லிய கம்பியில் கோத்து, இரண்டு பிளேடு முனைகளின் மேல் வைத்தால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் குட்டி ஓட்டைகள் போட்டு, எந்த நிலையில் வைத்தாலும் அப்படியே நிற்கும்வரை குறையுங்கள்.

அது சுழலும் எடைக்கு மட்டும்தான். மேலும் கீழும் போகிற ஸ்லைடின் எடையை முழுக்கச் சமன்செய்யப் போனால் அதிர்வு பக்கவாட்டுக்கு மாறிவிடும். சுமார் பாதியை மட்டும் எதிர்ப்பக்கத்தில் சேர்ப்பேன். அதைவிட நல்ல வழி, ஸ்லைடையே இலேசாக்குவது. ஒரு கிராம் குறைத்தால் கை உடனே சொல்லும்.

9. எத்தனை வோல்ட்ல ஓட்டணும்? ஒருத்தர் 7ங்கறாரு, ஒருத்தர் 9ங்கறாரு.

இருவரும் அவரவர் மெஷினுக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். மோட்டார் மாறினால் அந்த எண் செல்லாது. பார்க்க வேண்டியது நொடிக்கு எத்தனை குத்து என்பது. கோடு போட 100 முதல் 120, ஷேடிங்குக்கு 80 முதல் 100 என்று தொடங்கலாம். கை நொடிக்கு 1 செ.மீ நகர்ந்தால் 100 குத்தில் புள்ளிக்குப் புள்ளி 0.1 மி.மீ இடைவெளி. கண்ணுக்கு அது ஒரே கோடு. கை வேகமானவருக்கு மெஷினும் வேகமாக ஓட வேண்டும்.

அளக்கத் தனிக் கருவி வேண்டாம். போனில் கிட்டார் டியூனர் செயலியைத் திறந்து மெஷின் பக்கத்தில் வையுங்கள். கிட்டாரின் ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸ். செயலி அந்தத் தந்தியைக் காட்டினால் உங்கள் மெஷின் நொடிக்கு 110 குத்துகிறது. சில நேரம் இரண்டு மடங்கு, அதாவது 220 காட்டும். 7-ஆம் பதிலில் சொன்ன இரட்டை மோதல் இருந்தாலும் அப்படிக் காட்டக்கூடும், அதனால் அதை ஒரு எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

10. கோட்டுக்கு ஒண்ணு, ஷேடிங்குக்கு ஒண்ணுன்னு ரெண்டு மெஷின் வேணுமா?

ஒரு பிரேம் போதும், கேம் இரண்டு வைத்துக்கொள்ளலாம். 3.5 ஸ்ட்ரோக் இரண்டுக்கும் ஓரளவு பொருந்தும். தடித்த கோடே உங்கள் வேலை என்றால் 4. மென்மையான ஷேடிங்குக்கு 3. ஸ்ட்ரோக் கூடும்போது அதே குத்து எண்ணிக்கையிலும் ஊசியின் வேகம் கூடும், தோலில் படும் அடி பலமாகும். கேமை மாற்றினால் 8-ஆம் பதிலில் சொன்ன பேலன்ஸையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

11. சாதா ஊசியில சூப்பரா ஓடுது, காட்ரிட்ஜ் போட்டா திணறுதே?

காட்ரிட்ஜ் என்பது ஊசியும் டிப்பும் சேர்ந்த ஒரு சின்னக் கூடு. பெரும்பாலான காட்ரிட்ஜுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. ஊசியைப் பின்னுக்கு இழுப்பது அந்தச் சவ்வுதான், மெஷின் தள்ள மட்டுமே செய்யும். ஆக, ஒவ்வொரு குத்திலும் சவ்வின் விறைப்பையும் மோட்டார் சேர்த்துத் தள்ளுகிறது. அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை ஏற்றி, டியூனரில் பழைய எண் வருகிறதா என்று பாருங்கள். ஏற்றியும் வராவிட்டால் மோட்டார் சின்னது. தள்ளுகம்பியின் நீளத்தையும் பாருங்கள். நீளம் அதிகமானால் ஊசி முழுக்க உள்ளே போகாது, மை எடுக்காது.

12. மோட்டார் சூடாகுது. போன தடவை போட்டது ரெண்டே மாசத்துல போயிடுச்சு.

முதலில் திருகைப் பாருங்கள். நான் செய்த இரண்டாவது மெஷினில், மோட்டாரை பிரேமில் பிடிக்க எம்2 திருகு 6 மி.மீ நீளத்தில் போட்டேன். பிரேமின் தடிமன் போக 3 மி.மீ மோட்டாருக்குள் போய்ச் சுருளைக் கீறிவிட்டது. ஓட்டியதும் பத்து நிமிடத்தில் வார்னிஷ் வாடை. அந்தத் திருகை இன்றும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு திருகையும் மாட்டுவதற்குமுன் அளந்து, மோட்டார் ஓட்டையின் ஆழத்தைவிடக் குறைவாக அரைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது, கேமைச் சுத்தியலால் தட்டி ஏற்றுவது. அந்த அடி நேராக மோட்டாரின் பேரிங்கில் விழும். ரீமர் போட்ட ஓட்டையில் கேம் விரலாலேயே ஏற வேண்டும். ஷாஃப்டில் ஒரு சின்னத் தட்டை அரைத்து, கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) அங்கே உட்காரும்படி இறுக்குங்கள். கேமுக்கும் மோட்டார் முகத்துக்கும் நடுவே அரை மி.மீ இடைவெளி மட்டும் விடுங்கள். தள்ளிப்போகப் போக பேரிங்கில் பக்கச் சுமை ஏறும். இவை எல்லாம் சரியாக இருந்தும் சூடானால், ஊசிக்கம்பியை டியூபோடு அணைத்துப் பிடிக்கும் ரப்பர் பேண்டைப் பாருங்கள். மூன்று நான்கு சுற்றி ஊசிக்கம்பியை டியூபோடு நெரிப்பவர்கள் உண்டு. ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

13. மெஷினை டெட்டால்ல துடைச்சா போதுமா? கிரிப்பை குக்கர்ல நாலு விசில் விட்டா?

போதாது, இரண்டும் போதாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட 7 நாளாவது உயிரோடு இருக்கும். கோயில் திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியால் வரிசையாகப் பெயர் குத்தியதைச் சின்ன வயதில் நின்று பார்த்திருக்கிறேன். இன்று நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

ஊசி ஒருவருக்கு ஒன்று, வேலை முடிந்ததும் கூர்பொருள் டப்பாவில். ஸ்டீல் கிரிப்பைக் கழுவி, பையில் இட்டு, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் குறைந்தது 30 நிமிடம். குக்கரில் விசில் வரும்போதெல்லாம் அழுத்தம் இறங்குகிறது. உள்ளே காற்று முழுக்க வெளியேறியதா என்று தெரியாது. வெளியே எடுக்கும்போது கிரிப் ஈரமாக இருக்கும். ஆட்டோகிளேவ் இல்லையென்றால் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் கிரிப் வாங்குங்கள். மோட்டார் இருப்பதால் மெஷினை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. அதனால் மெஷினுக்கும் வயருக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புது உறை. டியூப் வழியாக மையும் இரத்தமும் மேலேறி ஸ்லைடு தடத்துக்குள் போய்விட்டால் அதை உங்களால் சுத்தம் செய்யவே முடியாது. அதைத் தடுப்பதற்காகவே சவ்வு உள்ள காட்ரிட்ஜைப் போடச் சொல்கிறேன்.

14. செஞ்சு முடிச்சாச்சு. என் தொடையிலயே ஒரு தடவை குத்திப் பாத்துக்கட்டுமா?

வேண்டாம் தம்பி. முதலில் ஊசியே இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடட்டும். ஓடி முடித்ததும் கிரப் ஸ்க்ரூ, டியூப் திருகு, மோட்டார் திருகு மூன்றும் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சிலிக்கான் பயிற்சித் தோல், வாழைப்பழத் தோல். வாழைப்பழம் நல்ல வாத்தியார்: ஆழம் மிஞ்சினால் அடுத்த நாள் தோல் அந்தக் கோட்டிலேயே கறுத்து விரியும். இருபது முப்பது பழம் போகட்டும்.

15. கோடு ஒரு இடத்துல தடிமனா, ஒரு இடத்துல விட்டுவிட்டு வருது. மெஷின் தப்பா, என் கை தப்பா?

இதைப் பிரித்துப் பார்க்க நான் செய்வது இது. மெஷினை ஒரு வைஸில் மெதுவாகப் பிடித்து ஓட விட்டு, ஊசி நுனிக்குக் கீழே ஒரு பயிற்சித் தோலை ஸ்கேல் ஓரமாக ஒரே சீராக இழுப்பேன். கோடு சீராக வந்தால் மெஷினில் தப்பில்லை. வரவில்லையென்றால் ஊசி நுனியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நுனி ஒரு கோடாகத் தெரியாமல் குட்டி வட்டமாகத் தெரிந்தால் ஸ்லைடு தடத்தில் ஆட்டம் இருக்கிறது. நுனி நேராக ஓடியும் கோடு விட்டுப்போனால், கிளிப் கார்டையும் (பவர் சப்ளையிலிருந்து மெஷினுக்கு வரும் வயர்) ஆர்சிஏ முனையையும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது மெஷின் சத்தத்தின் சுருதி மாறினால் சாலிடர் விட்டிருக்கிறது.

போன மாதம் ஒரு பெண் கலைஞர் இதே புகாரோடு வந்தார். வைஸில் கோடு கண்ணாடி மாதிரி வந்தது. அவர் கையில் கொடுத்தால் பழையபடி விட்டுவிட்டு வந்தது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது, அவருடைய பிடிக்கு 25 மி.மீ கிரிப் தடிமனாக இருந்தது. விரல்கள் இறுகிக் கை நடுங்கியது. 19 மி.மீ கிரிப் ஒன்று லேத்தில் கடைந்து கொடுத்தேன். மெஷினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.